புழுவுக்கும் பூட்டு உண்டு, சாவி உண்டு!

(தலைப்பு: "புழு பூச்சிகளை ஆராய்வது மனித குலத்துக்குப் பயனா? வீணா?" – 'பயனே' என்ற அணியில் பேசியது)

பெருமதிப்புக்குரிய நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் என் புழுவைக் காலால் மிதித்துவிட்டு, இப்போது தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! அரங்கத்தில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தாரே! 

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டாங்க. "வயித்துல புழு இருந்தா மாத்திரை குடுத்து வெளியே தள்ளுவோம். இவங்க அந்தப் புழுவுக்கு ஆராய்ச்சிக்கூடம் கட்டிக் குடிவெச்சிருக்காங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டார்கள். நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும்தான் தட்டினேன். நல்லாத்தான் இருந்தது! (சிரிப்பு)

ஆனா அம்மா, நீங்க சொன்ன அந்த மாத்திரை இருக்கே, அல்பெண்டசோல், பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாங்களே, அதே குடும்பத்து மருந்துகள் புழுவின் உடம்பில் எந்த ஜீன் வழியாக வேலை செய்கின்றன என்பதை 1989-ல் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? நான் இன்றைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கிறேனே, அதே ஆய்வுக்கூடப் புழுதான்! (கைதட்டல்)

நடுவர்: அப்ப புழுவே புழுவைக் காட்டிக் கொடுத்துடுச்சுன்னு சொல்லுங்க!

ஆமாங்க ஐயா, சொந்தக்காரங்கதானே காட்டிக் கொடுப்பாங்க! (பலத்த சிரிப்பு)

அந்தப் புழுவை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் கொஞ்சம் நீளம்: சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ். நீளமான பேரு, ஆளு ஒரு மில்லிமீட்டர்! கமா போட்டால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அது வயிற்றுக்குள் வாழும் புழு அல்ல, சகோதரி அவர்களே. மண்ணிலும் அழுகின பழத்திலும் பாக்டீரியாவைத் தின்று, யாருக்கும் தொல்லை தராமல் வாழ்கிற உருளைப்புழு. உடம்பு கண்ணாடி மாதிரி. உள்ளே நடப்பதை உயிரோடு இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்க்கலாம். முட்டையிலிருந்து மூணு நாலு நாளில் பெரிய மனுஷன் ஆகிவிடும். 1963-ல் சிட்னி பிரென்னர் என்ற அறிஞர், "நரம்பு மண்டலம் எப்படி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க இவன்தான் சரியான ஆள்" என்று முடிவு கட்டினார். 2002-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் இந்தப் புழுவின் புண்ணியத்தில் நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இவன் சரியான ஆள்? நம்ம மூளையில நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. இந்தப் புழுவுக்கு மொத்தமே 302! எண்ணி முடித்துவிடலாம். எண்ணியும் முடித்தார்கள். ஒவ்வொரு நரம்பும் எந்த நரம்பைத் தொடுகிறது என்று முழுப் புழுவையும் மெல்லிய மெல்லிய சீவலாகச் சீவி, படம் பிடித்து, 1986-ல் முழு வரைபடம் வெளியிட்டார்கள். வீட்டுக்கு வயரிங் பிளான் போடுற மாதிரி!

இங்கேதான் நடுவர் அவர்களே, விஷயமே இருக்கு. வயரிங் பிளான் கையில வந்துடுச்சு. எந்த ஸ்விட்சைப் போட்டா எந்த விளக்கு எரியும்னு சொல்லிடலாம்னு நினைச்சாங்க. முடியல! ஒரே வயரிங், ஒரே புழு. காலையில ஒரு மாதிரி நடக்குது, பசிச்சா ஒரு மாதிரி நடக்குது, தூக்கத்துல வேற மாதிரி இருக்குது. ஏன்? வயர் வழியாகப் போகாத தபால் ஒன்று இருக்கிறது. அதன் பெயர்தான் நியூரோபெப்டைட். ஒரு நரம்பு செல், அமினோ அமிலங்களைச் சின்ன மாலையாகக் கோத்து வெளியே விடுகிறது. அது வயரைத் தேடுவதில்லை. ரேடியோ ஒலிபரப்பு மாதிரி பரவுகிறது. எந்த செல்லில் ரேடியோப் பெட்டி இருக்கிறதோ அந்த செல்தான் கேட்கும். அந்தப் பெட்டிக்குப் பெயர் ஏற்பி. ரிசெப்டர் என்று டாக்டர்கள் சொல்வார்கள்.

ரேடியோ பிடிக்காதவங்க பூட்டு சாவின்னு வெச்சுக்குங்க. பெப்டைட் சாவி, ஏற்பி பூட்டு. பூட்டு செல்லின் சுவரில் இருக்கிறது. சுவரை ஏழு முறை ஊடுருவித் தையல் போட்ட மாதிரி ஒரு புரதம். வெளியே சாவி விழுந்தால் உள்ளே ஒரு மணி அடிக்கும். இந்த ஏழு தையல் குடும்பத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 2012-ல் இரண்டு பேருக்கு நோபல் பரிசு தந்தார்கள்.

"நமக்கென்னய்யா இதுல?" என்று எதிரணியில் ஒரு அண்ணன் தலையைச் சொறிகிறார். அண்ணே, வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. ரத்தக் கொதிப்புக்கு லோசார்டான் இருக்கா? அது இந்தக் குடும்பத்துப் பூட்டை அடைக்கிற மருந்து. அதுவும் ஒரு பெப்டைட் நுழைகிற பூட்டு! சளி பிடிச்சு மூக்கு ஒழுகுதுன்னு சிட்ரிசின் போட்டீங்களா? அதுவும் இதே ஏழு தையல் குடும்பம்தான். உலகத்தில் விற்கும் மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தக் குடும்பத்து ஏற்பிகளைத்தான் குறி வைக்கிறது. (கைதட்டல்)

சரி, இந்தச் சாவிகளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? இதைக் கேட்டால் கரப்பான்பூச்சியைக் கண்டு கட்டில் மேல ஏறுகிற எங்க வீட்டம்மாவுக்கு மயக்கமே வரும். கனடாவில் ஸ்டாராட், பிரௌன் என்று இரண்டு விஞ்ஞானிகள். கரப்பான்பூச்சியின் குடலைச் சுருங்க வைக்கும் பொருள் எது என்று தேடினார்கள். எத்தனை கரப்பான்பூச்சியை எடுத்தார்கள் தெரியுமா? ஒண்ணே கால் லட்சம்! 1,25,000 கரப்பான்பூச்சி!

நடுவர்: இங்க நாம ஒண்ணை விரட்டவே துடைப்பத்தோட அலையறோம்!

அவ்வளவையும் அரைத்து வடிகட்டி, கடைசியில் கிடைத்தது 180 மைக்ரோகிராம். ஒரு உப்புக்கல் அளவு சரக்கு! 1975-ல் அதன் அமைப்பைச் சொன்னார்கள். ஐந்தே ஐந்து அமினோ அமிலம். புரோக்டோலின் என்று பெயர். பூச்சிகளில் முதன்முதலாக முழு அமைப்பும் தெரிந்த நியூரோபெப்டைட் அதுதான்.

சாவி கிடைச்சாச்சு. பூட்டு எங்கே? பூட்டு கிடைக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? 28 வருஷம்! பழ ஈ என்று ஒன்று, அழுகின வாழைப்பழத்தைச் சுற்றிக் கொண்டிருக்குமே, அதன் மரபணு வரிசை முழுவதையும் 2000-ல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு 2003-ல்தான் புரோக்டோலினின் ஏற்பி பழ ஈயில் பிடிபட்டது. கரப்பான்பூச்சியிடம் சாவி, பழ ஈயிடம் பூட்டு. அங்கொண்ணும் இங்கொண்ணுமா சேர்த்துத்தான் அறிவியல் வளருது. 'உடனே பலன் என்ன, உடனே பலன் என்ன' என்று கேட்கிற நண்பர்கள் அந்த 28 வருஷத்தைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கணும்.

தலைகீழாகவும் நடக்கும். மரபணு வரிசையைப் படித்தால் பூட்டு பூட்டாகத் தெரிகிறது. எந்தச் சாவி என்று தெரியாது. அப்படிப்பட்ட பூட்டுக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர், 'அனாதை ஏற்பி'. பெற்றவர் யாரென்று தெரியாத பிள்ளை. அந்தப் பிள்ளைகளுக்கு உறவு தேடிக் கொடுப்பதற்கென்றே பெல்ஜியம் நாட்டில் லூவன் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தது. என்ன செய்தார்கள்? நம் புழுவின் பூட்டுகளை ஒவ்வொன்றாக வெள்ளெலியின் செல்லில் முளைக்க வைத்து, முந்நூறுக்கு மேற்பட்ட சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். பொருந்தினால் செல் ஒளிரும். நம்ம ஊர் கல்யாணத் தரகர் தோற்றார்! பல்லாயிரம் ஜாதகம் பார்த்து, 2023-ல் வெளியிட்டார்கள்: 461 ஜோடிப் பொருத்தம்! (கைதட்டல்) அதே வருஷம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆட்களோடு சேர்ந்து, 302 நரம்பில் எது எதோடு வயர் இல்லாமல் பேசுகிறது என்று முழு வரைபடமும் வந்துவிட்டது. 1986-ல் வயர் பிளான், 2023-ல் வயர் இல்லாத பிளான். ஒரு முழு நரம்பு மண்டலத்துக்கு இரண்டும் சேர்ந்து முதலில் கிடைத்தது மனுஷனுக்கு இல்லை, குரங்குக்கு இல்லை, இந்தப் புழுவுக்குத்தான்!

இப்ப நான் நம்ம பட்டிமன்றத்துக்கே சொந்தமான ஒரு விஷயத்துக்கு வர்றேன். கூட்டுக் குடும்பமா, தனிக்குடித்தனமா? (சிரிப்பு) எத்தனை மேடையில, எத்தனை பொங்கலுக்கு, எத்தனை தீபாவளிக்குப் பேசியிருப்போம்! இந்தக் கேள்வியைப் புழுவிடமும் கேட்டிருக்கிறார்கள், ஐயா.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் எடுத்த புழு. ஹவாய்த் தீவில் எடுத்த புழு. இரண்டும் ஒரே ஜாதி. தட்டில் சாப்பாடு போட்டால் பிரிஸ்டல் புழு தனித்தனியாகச் சாப்பிடுகிறது. தட்டைத் தூக்கிக்கிட்டு ஆளுக்கொரு மூலைக்குப் போற மாதிரி! ஹவாய்ப் புழுவோ ஒன்றோடொன்று ஒட்டி உறவாடி, பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? வளர்ப்பா, பழக்கமா, ஊர்த் தண்ணியா? 1998-ல் மாரியோ டி போனோ, கொர்னேலியா பார்க்மன் இருவரும் விடை சொன்னார்கள். என்.பி.ஆர்-1 என்று ஒரு நியூரோபெப்டைட் ஏற்பி. அந்தப் பூட்டில் 215-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அங்கே வேலின் இருந்தால் தனிக்குடித்தனம். ஃபினைல்அலனின் இருந்தால் கூட்டுக் குடும்பம்! வேலின் உள்ள ஜீனைக் கூட்டுக் குடும்பப் புழுவுக்குள் செலுத்தினால் அதுவும் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகப் போய்விட்டது. (பலத்த கைதட்டல்)

நடுவர்: அப்ப மாமியார் மருமகள் சண்டைக்கு 215-ஆம் நம்பர்தான் காரணமா?

அப்படிச் சொல்லிட்டா எனக்கு இன்னிக்கே பரிசு கிடைச்சிடும். ஆனா உண்மை அது இல்லீங்க ஐயா. இன்னும் இரண்டு சங்கதி இருக்கு. ஹவாய்ப் புழு பாசத்தால் கூடவில்லை. நாம் சுவாசிக்கிற காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். மண்ணுக்குள் வாழ்கிற புழுவுக்கு அது அதிகம், ஒத்துக்கறதில்லை. நெருக்கியடித்துக் கிடந்தால் நடுவில் ஆக்சிஜன் குறையும். அதனால்தான் கூட்டம். நாம வெயிலுக்கு மரத்தடியில ஒதுங்கறோமே, அந்த மாதிரி. அதைப் பார்த்து 'என்ன ஒற்றுமை, என்ன ஒற்றுமை' என்று கவிதை எழுதினால் புழு சிரிக்கும்.

இரண்டாவது சங்கதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரிஸ்டல் புழுவை எடுத்தது 1951-ல். அப்புறம் வருஷக்கணக்காகத் தட்டிலேயே, தலைமுறை தலைமுறையாக, போட்ட சாப்பாட்டைத் தின்று வளர்ந்தது. 2009-ல் ஆராய்ந்து பார்த்தால், அந்தத் தனிக்குடித்தன மாற்றம் இயற்கையில் இருந்ததே அல்ல. ஆய்வுக்கூடத் தட்டில் வளர்ந்தபோது வந்த மாற்றம் அது! காட்டில் பிடிக்கிற புழுக்களிடம் இருப்பது ஹவாய்ப் புழுவின் அந்தப் பழைய பூட்டுதான். இதிலிருந்து நீங்க என்ன முடிவுக்கு வர்றீங்களோ வாங்க, நான் மாட்டிக்க மாட்டேன். (சிரிப்பு) ஒண்ணே ஒண்ணு. உலகம் பூராவும் உள்ள ஆய்வுக்கூடங்கள் 'இதுதான் இயல்பான புழு' என்று அளவுகோலாக வைத்திருந்த புழுவின் குணம், அந்த ஆய்வுக்கூடமே உண்டாக்கிய குணம் என்று தெரிந்தபோது, அதை மறைக்காமல் அச்சில் போட்டார்கள் பாருங்கள், அந்த நேர்மைக்குக் கை தட்டலாம். (கைதட்டல்)

இனி தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பிரசவ வார்டில், வலி வரவில்லை என்றால் டிரிப்ஸில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். குழந்தை பிறந்தவுடன் ரத்தம் அதிகம் போகாமல் இருக்க ஊசியாகவும் போடுவார்கள். ஆக்ஸிடோசின். அதுவும் ஒரு பெப்டைட்தான். ஒன்பது அமினோ அமிலம். அந்த ஊசி இல்லாத காலத்தில் எத்தனை வீட்டில் தொட்டில் ஆடியது, தாய் இல்லை! நம்ம பாட்டிமார்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எதிரணி உடனே எழுந்திருக்கும், எனக்குத் தெரியும். "அது புழுவிலிருந்து வரலையே!" உண்மைதான். ஹென்றி டேல் 1906-ல் பூனையில் பார்த்தார். டூ விக்னோ 1953-ல் அதன் அமைப்பைக் கண்டு, செயற்கையாகவும் செய்தார், 1955-ல் நோபல் வாங்கினார். புழுவுக்கு அதில் பங்கில்லை. நான் இல்லாத பெருமையைப் புழுவுக்குச் சேர்க்க வரவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2012-ல் நம் ஒரு மில்லிமீட்டர் புழுவிடம் ஆக்ஸிடோசினின் ஒன்றுவிட்ட தம்பி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். நிமட்டோசின் என்று பெயர். பதினோரு அமினோ அமிலம். அதற்குரிய பூட்டும் இருக்கிறது. புழுவுக்குப் பிரசவ வார்டு கிடையாது, தாய்ப்பால் கிடையாது. அங்கே இதற்கு என்ன வேலை?

ஒரு குழு சொன்னது: இது இல்லாத ஆண் புழு, துணை பக்கத்திலேயே இருந்தும் தட்டுத் தடுமாறுகிறது. லூவன் குழு இன்னொன்று சொன்னது. இந்தப் புழுவுக்கு உப்பு பிடிக்கும். உப்பு இருக்கிற இடத்தில் பட்டினி போட்டால், 'உப்புப் பக்கம் போனா சோறு இல்லை' என்று கற்றுக்கொண்டு அடுத்த முறை ஒதுங்கும். நிமட்டோசின் இல்லாத புழுவோ, பட்டது மறந்து உப்பை நோக்கியே போகிறது. துணையைச் சேர்வது, அனுபவத்தில் கற்பது. இந்த இரண்டு வேலையும் இந்த மூலக்கூறுக்கு எவ்வளவு பழையது என்று நினைக்கிறீர்கள்? நமக்கும் புழுவுக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்து 50 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு பழைய சாவியைத்தான் அம்மா உங்களுக்கு ஊசியில் ஏற்றுகிறார்கள்!

"ஆறறிவு மனுஷன் எங்கே, புழு எங்கே?" என்று ஒரு நண்பர் தொல்காப்பியத்தைக் காட்டினார். நானும் தொல்காப்பியத்துக்கே போகிறேன். நத்தைக்கு இரண்டு அறிவு, கரையானுக்கும் எறும்புக்கும் மூன்று என்று வரிசைப்படுத்தினாரே, உட்கார்ந்து நத்தையையும் எறும்பையும் கவனிக்காமலா எழுதியிருப்பார்? (பலத்த கைதட்டல்)

பழ ஈயைப் பற்றி விரிவாகச் சொல்ல நேரமில்லை. நம் உடம்புக் கடிகாரத்தை அதில் கண்டுபிடித்ததற்கு 2017-ல் நோபல். அந்தக் கடிகார நரம்புகள் ஒன்றோடொன்று நேரம் சரிபார்ப்பதும் பி.டி.எஃப் என்ற ஒரு நியூரோபெப்டைட்டால்தான். அதன் பூட்டை 2005-ல் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் பிடித்தன.

(மணி அடிக்கிறது)

நடுவர்: ரெண்டு நிமிஷம் தர்றேன். முடிங்க.

கொசுவைச் சொல்லாம முடிக்க மாட்டேன் ஐயா! செலவு, செலவு என்று எதிரணித் தலைவர் வருத்தப்பட்டார். பசித்த வயிறு இருக்கும் நாட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கலாம். நானும் கேட்பேன். ஆனால் இந்தப் புழுவுக்கு ஆகும் செலவு ஒரு தட்டும் கொஞ்சம் பாக்டீரியாவும். சிக்குன்குனியா வந்து மாடிப்படி ஏற முடியாமல் மாசக்கணக்கில் கிடந்தார்களே, டெங்குவில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ரத்தத் தட்டணுவுக்கு அலைந்தார்களே, அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது?

இரண்டையும் கொண்டு வருவது ஏடிஸ் எஜிப்டி கொசு. கடிப்பது பெண் கொசு மட்டும்தான். ஒரு தடவை வயிறு நிறைய ரத்தம் குடித்துவிட்டால், முட்டை போடும் வரைக்கும் சில நாள் மனுஷனை ஏறெடுத்தும் பார்க்காது. விருந்து சாப்பிட்டவன் பந்தியைத் திரும்பிப் பார்க்காத மாதிரி. 'போதும்' என்று அதற்குச் சொல்வது எது? நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாரா டுவால், லெஸ்லி வாஸ்ஹால் குழுவினர் தேடினார்கள். மனிதர்களின் பசியைக் குறைக்க என்று மருந்துக் கம்பெனிகள் செய்து பார்த்த மருந்தைக் கொசுவுக்குக் கொடுத்தார்கள். கொசு டயட்டில் போய்விட்டது! (பலத்த சிரிப்பு) நம்மிடம் பசியைத் தூண்டுகிற நியூரோபெப்டைட் ஒய் என்று ஒன்று உண்டு. அதன் பூட்டுக் குடும்பம் கொசுவிடமும் இருக்கிறது. அந்தக் கூட்டத்துப் புழுவிடம் இருந்த என்.பி.ஆர்-1 கூட அதே குடும்பத்துப் பிள்ளைதான்!

கொசுவிடம் எந்தப் பூட்டு என்று கண்டுபிடித்தார்கள். மனிதனின் பூட்டைத் தொடாமல் கொசுவின் பூட்டை மட்டும் திருப்பும் சாவி வேண்டும் என்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களைச் சோதித்து, சிலவற்றைப் பொறுக்கினார்கள். 2019-ல் வெளியிட்டார்கள். அதைக் குடித்த கொசு, ரத்தமே குடிக்காமல், குடித்த கொசு மாதிரி மனுஷ வாடையைக் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. கொல்லவில்லை. பசியை மட்டும் எடுத்துவிட்டார்கள். இது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. கொசுவத்திச் சுருள் மாதிரி நாளைக்குக் காலையில் கடையில் கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஊர்க் கொசுவுக்கெல்லாம் எப்படிக் குடிக்க வைப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

(மீண்டும் மணி)

மணி அடிக்கிறவர் எதிரணி ஆள் போலிருக்கு! (சிரிப்பு) நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். எழுதும்போது கையில் கொசு கடிச்சா, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் என் பக்கம் பாருங்க.

(பலத்த சிரிப்பு, கைதட்டல்)